பேச்சுப் பஞ்சு

தறிமேட்டில் யார் காதிலும் ஏறாத பேச்செல்லாம் பஞ்சாகி விழ ஆரம்பித்தது போன வருசம் பங்குனியில். அது எந்தத் தேதி, எந்த வீட்டில் முதலில் விழுந்தது என்பதில்தான் இன்றுவரைக்கும் ஊருக்குள் சண்டையே தவிர, பேச்சு எப்படிப் பஞ்சாகும் என்று ஒருத்தரும் கேட்டதில்லை. கேட்பார்களா பின்னே? காவிரிக்கு மேற்கே அரை மைல் நீளத்துக்கு வீட்டுக்கு வீடு விசைத்தறி ஓடுகிற ஊர் அது. சோற்றில் பஞ்சு, சாமி படத்தில் பஞ்சு, கல்யாணப் பெண்ணின் புருவத்தில் பஞ்சு என்று பழகிப்போன சனத்துக்கு இன்னொரு பஞ்சு கூடினால் என்ன, குறைந்தால் என்ன. தறிப் பஞ்சு பறக்கும், இது பறக்காமல் நேராகக் கீழே விழும், ஃபேனைப் போட்டாலும் இருந்த இடத்தைவிட்டு அசையாது, அவ்வளவுதான் வித்தியாசம் என்று பெண்கள் கண்டுபிடித்துச் சொன்னார்கள். பேச்சுப் பஞ்சு என்று பேரும் வைத்தாயிற்று. பேர் வைத்துவிட்டால் அப்புறம் எதுவும் ஊர்ச் சொத்துதானே.

முதல் பஞ்சு தன் வீட்டில்தான் விழுந்தது என்று தைலம்மாள் துண்டைப் போட்டுத் தாண்டிச் சத்தியம் செய்வாள். புருசன் நாச்சிமுத்துவைச் சாப்பிடக் கூப்பிட்டிருக்கிறாள். ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம். மனுசன் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவில்லை, ஆனால் அவர் கால்மாட்டில் மூன்று துணுக்குப் பஞ்சு வரிசையாக வந்து விழுந்தது. நாலாவது தரம் தோளைத் தொட்டுத் திருப்பி, முகத்துக்கு நேராகக் கூப்பிட்டாள். எழுந்து வந்தார், பஞ்சு விழவில்லை. தைலம்மாளுக்கு அந்த நிமிசமே விசயம் விளங்கிவிட்டது. மூன்றையும் கூட்டி எடுத்து, வெளியே கொட்டப் போனவள், சொன்ன பேச்சைத் தெருவில் கொட்டுவது வீட்டுக்கு ஆகாது என்று தோன்றி, ஒரு பழைய தலையணை உறையில் போட்டுப் பரணில் வைத்தாள். பேச்சைத் தெருவில் கொட்டக் கூடாது என்பது அதற்கப்புறம் ஊர் வழக்கமாகவே ஆகிப்போனது. வீட்டுக்கு வீடு பரணில் ஒரு மூட்டை.

தறிமேட்டில் நாற்பது வயசைத் தாண்டினவனுக்குக் காது பேருக்குத்தான். பட்டறைக்குள் பத்துத் தறி ஒன்றாக ஓடும்போது இடியே விழுந்தாலும் தெரியாது. அங்கே பேச்செல்லாம் உதட்டாலும் கையாலும்தான். அங்கே ஒருத்தன் தலையை ஆட்டினால் 'நீ வந்ததைப் பார்த்துவிட்டேன், நில்லு' என்று அர்த்தம். வெளியே வந்து ஆட்டினால் 'சரி' என்று அர்த்தம். பட்டறை நிலைப்படியைத் தாண்டும்போது தலையையும் மாற்றி வைத்துக்கொள்ளத் தெரியாமல் வேண்டாத மாட்டை ஓட்டிக்கொண்டு வந்தவர்களும், நிற்காத எலெக்சனில் நிற்கிறேன் என்று ஒத்துக்கொண்டவர்களும் அந்த ஊரில் உண்டு.

இந்த லட்சணத்தில், ஐப்பசியில் டவுன் ஆஸ்பத்திரிக்காரர்கள் மாரியம்மன் கோயில் மண்டபத்தில் முகாம் போட்டு, முப்பத்தெட்டுப் பேருக்குக் காதில் மெழுகு மாதிரி ஒன்றை ஊற்றி அச்செடுத்து, அவரவர் காதுக்கென்றே செய்த மெஷினைக் கொடுத்துவிட்டுப் போனார்கள். அநேகமாக எல்லா மெஷினும் அந்த வாரமே பீரோவுக்குள் போயின. ஒருத்தர் அரிசி டின்னுக்குள் புதைத்தார், ஈரம் படாமல் இருக்குமாம். பெண்டாட்டிமார் கெஞ்சிப் பார்த்தார்கள், மகன்கள் மிரட்டிப் பார்த்தார்கள், மருமகள்கள் மட்டும் அதிகம் வற்புறுத்தவில்லை. ஏன் வற்புறுத்தவில்லை என்பது பிற்பாடுதான் தெரிந்தது.

நாச்சிமுத்துவுக்கு வயசு ஐம்பத்தேழு, தறி நாலு, தறி ஓட்ட ஆரம்பித்து முப்பத்து மூன்று வருசம். தனக்குக் காது மந்தம் என்று அவர் ஒருநாளும் ஒத்துக்கொண்டதில்லை. எனக்கு நல்லாத்தான் கேட்குது, சனங்கதான் இப்பல்லாம் வாயைத் திறந்து பேசறதில்லை என்பார். ஏன் திறந்து பேசவில்லை? தன்னைப் பற்றிப் பேசுவதால்தான். பால்காரி சிரித்தால் தன்னைப் பார்த்து. மீட்டர் எடுக்க வருகிறவன் பக்கத்து வீட்டுக்காரனிடம் குனிந்து ஏதோ கேட்டால் தன் மீட்டரைப் பற்றி. கோயில் பூசாரி மந்திரத்தைத் தணிந்த குரலில் சொன்னால், தன் பேருக்குப் பதிலாக யார் பேருக்கு அர்ச்சனை நடக்கிறதோ என்று கருவறைக்குள் எட்டிப் பார்ப்பார். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். காது இருண்டவனுக்கு அதைவிட ரெண்டு பேய் கூடுதல். இந்த மெஷினையே அவர் நம்பவில்லை. இலவசமாக எவனாவது எதையாவது கொடுப்பானா, வீட்டில் பேசுவதையெல்லாம் பிடித்து எங்கேயோ அனுப்புகிறது என்று அவருக்குச் சந்தேகம். ஆனால் தைலம்மாளின் நச்சரிப்பு தாங்க முடியவில்லை. அதற்கு ஒரு தந்திரம் செய்தார். பேட்டரியைக் கழற்றி சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, வெறும் மெஷினைக் காதில் மாட்டிக்கொண்டு ஊரெல்லாம் சுற்றினார். வீட்டுக்காரியும் குளிர்ந்தாள், தன் ரகசியமும் தன்னோடு. இதில் அவருக்கு ரொம்பப் பெருமை.

அவருக்கு ஒரே மகள், அம்சவேணி. மருந்துக்கு என்று தனியாகப் படித்துவிட்டுக் கடைவீதி மெடிக்கலில் வேலை பார்க்கிறாள். தை மாசத்திலிருந்து அவள் அப்பாவோடு பேசுவதில்லை. பேசவில்லை என்றால் ஒரு சொல் இல்லை. தட்டை வைப்பாள், தண்ணீர் வைப்பாள், போய்விடுவாள். அவளைச் சைசிங் மில் மாரப்பனின் பையனுக்குக் கொடுப்பதாகத் தையில்தான் வெற்றிலை பாக்கு மாற்றியாயிற்று, ஆவணி ரெண்டாவது முகூர்த்தத்தில் கல்யாணம். நாச்சிமுத்துவின் தறிகளில் ஏற்றுகிற பாவு நூல் வருவதே மாரப்பனின் மில்லிலிருந்துதான்; அவரே வந்து பெண் கேட்டது பெரிய விசயம். அப்படியிருக்க, சந்தோசப்பட வேண்டிய பெண் ஏன் மூஞ்சியைத் திருப்புகிறாள்? ஆயி தைலம்மாளும் மகளும் அடுக்களையில் ஏன் தலையோடு தலை வைத்துப் பேசுகிறார்கள்? இவர் போய் நின்றால் ஏன் ஒருத்தி பருப்பையும் ஒருத்தி மொபைலையும் பார்க்கிறாள்? பெண் யாரோடோ ஓடப்போகிறது, பெற்றவளே கதவைத் திறந்துவிடப் போகிறாள் என்று அவர் முடிவு கட்டினார். ஆடி பிறந்துவிட்டது. அது முடிவதற்குள் அவருக்கு அந்தப் பேச்சு என்னவென்று தெரிந்தாக வேண்டும். தெரியாவிட்டால் பெண்ணும் போச்சு, கொடுத்த வாக்கும் போச்சு.

இதற்குள் ஊர் வேறொரு கூத்தில் இருந்தது. வைகாசியில் எதிர்வீட்டுச் சீரங்கன், அரிசி டின்னில் மெஷினைப் புதைத்து வைத்திருந்த அதே ஆள், பரணை ஒழிக்கும்போது சும்மா விளையாட்டுக்கு மெஷினை மாட்டிக்கொண்டு பஞ்சு மூட்டைக்குள் தலையை விட்டிருக்கிறார். உள்ளேயிருந்து அவருடைய மருமகளின் குரல், சிரித்த முகத்தோடு காபி டம்ளரை நீட்டும்போது அவள் இத்தனை நாளும் அவர் முகத்துக்கு நேராகச் சொல்லிவந்த வார்த்தைகளை, ஒன்றுவிடாமல், வந்த வரிசைப்படி சொல்லியது. கிழத்துக்கு எங்கே கேட்கப்போகிறது என்று சொன்னவைதானே எல்லாம். சீரங்கன் பரணிலிருந்து இறங்கி வந்து, அம்மா தாயே, காபிக்குச் சர்க்கரை மட்டும் கொஞ்சம் குறைத்துக்கோ, மிச்சமெல்லாம் பழகிவிட்டது என்று கும்பிட்டாராம். அவள் மூன்று நாள் பிறந்த வீட்டில் இருந்துவிட்டு வந்தாள்.

அவ்வளவுதான், தீப்பற்றிக்கொண்டது. ஒரே வாரத்தில் உள்ளே போன மெஷினெல்லாம் பீரோவைவிட்டு வெளியே வந்தன. நல்ல காதுக்காரர்கள் பஞ்சைக் காதோடு வைத்துப் பார்த்தார்கள், ஒன்றும் கேட்கவில்லை. மெஷினைக் கடன் வாங்கிச் செருகிப் பார்த்தார்கள், அடுத்தவர் காதுக்குச் செய்த அச்சு கீ என்று கத்தியது. கேட்காதவர்களுக்குத்தான் அது கேட்கும் என்று ஆகிவிட்டது. இதுவரை உப்புக்குச் சப்பாணியாக மூலையில் உட்கார்ந்திருந்தவர்களைக் கண்டு ஊரே நடுங்கியது. செவிட்டு மாமனார் வருகிறார் என்றால் அதற்கு முன்னால் மருமகள் விளக்குமாறோடு ஓடினாள். ஒருத்தி பஞ்சு மூட்டையைக் கொளுத்திப் பார்த்தாள். தலைமயிர் கருகின நாற்றம் ஏழு வீட்டுக்கு வீசி, என்ன மாதிரிப் பேச்சாக இருக்கும் என்று ஏழு வீட்டிலும் ஆராய்ச்சி நடந்தது. கழிவுப் பஞ்சு எடுக்க வருகிற வண்டிக்காரர் இதைத் தொடவே மாட்டேன் என்றார். போன தடவை தெரியாமல் கலந்து போனதில் மெத்தை தைத்தவன் வீட்டில் யாரும் தூங்கவில்லையாம். கடைசியில் மாரியம்மன் கோயிலில் ஊர்க்கூட்டம் போட்டு, அவரவர் வீட்டுப் பஞ்சை அவரவரே கூட்ட வேண்டும், அடுத்த வீட்டுப் பஞ்சை எடுத்தால் அம்மனுக்கு நெய் விளக்கு போட வேண்டும் என்று கட்டு வைத்தார்கள். அந்த மாசம் கோயிலில் நெய் விளக்குக்குக் குறைவில்லை.

மாசத்துக்கு ஒரு செவ்வாய் ஆஸ்பத்திரியிலிருந்து ஜெசிந்தா வருவாள். நாகர்கோவில் பக்கத்துப் பெண், காது சோதிக்கிறவள், ஊருக்கு அவள் டாக்டரம்மாதான். வைகாசிவரை ஈயோட்டிக்கொண்டிருந்தவள் முன்னால் இப்போது பேட்டரி கேட்டு வரிசை நின்றது. எத்தனை மணி நேரம் மாட்டினீர்கள் என்றால் எட்டு, ஒன்பது என்கிறார்கள். அவளுக்கே சந்தேகம் வந்து விசாரித்தாள், சொன்னார்கள். அவள் சிரிக்கவுமில்லை, நம்பாமலுமில்லை. எந்தக் காரணத்துக்காக மாட்டினாலும் காது பழகும் என்று மட்டும் சொல்லிவிட்டு நோட்டில் எழுதிக்கொண்டாள்.

ஆடி முதல் செவ்வாயன்று நாச்சிமுத்து வரிசை தீரும்வரை காத்திருந்து, யாருமில்லாதபோது போய் உட்கார்ந்தார். பேட்டரி வேண்டும் என்றார், எதற்கென்று சொல்லவில்லை. ஜெசிந்தா அவருடைய மெஷினைத் திறந்து பார்த்தாள். எட்டு மாசமாகக் காதில் ஏறி இறங்கின மெஷினில் பேட்டரி ஓடின தடமே இல்லை. இவள் இப்போது திட்டுவாள், ஊரெல்லாம் சொல்லிவிடுவாள் என்று அவர் எழப் பார்த்தார். அவள் புதுசு ஒன்றைப் போட்டு அவர் காதில் மாட்டிவிட்டு, முகத்துக்கு நேராக உட்கார்ந்தாள்.

"ஐயா, இதைத் தினமும் மாட்டணும்னு உங்களுக்கே எவ்வளவு தோணுது? சைபரிலிருந்து பத்துக்குள்ளே ஒரு நம்பர் சொல்லுங்க."

"ரெண்டு."

"ஏன் சைபர் சொல்லலை?"

நாச்சிமுத்து திகைத்துப்போனார். ஏன் பத்து இல்லை என்றுதான் வீட்டில், தெருவில், எல்லோரும் இத்தனை நாளும் அவரை இடித்தார்கள். அதற்குச் சொல்ல அவரிடம் நூறு பதில் இருந்தது. இந்த மாதிரித் திருப்பிப் போட்டு யாரும் கேட்டதில்லை. வாய் தானாகத் திறந்துகொண்டது.

"என்ற ஊட்டுல ரெண்டு பேரு குசுகுசுன்னு பேசிக்கறாங்க. அது என்னன்னு எனக்குத் தெரியோணும்."

"அப்போ அதுக்கே மாட்டுங்க ஐயா," என்றாள் ஜெசிந்தா.

உளவு பார்க்க இவ்வளவு சுலபமாக ஒரு ஆள் உதவி செய்வாளா, இதில் இவளுக்கு என்ன ஆதாயம் என்று அவருக்கு அப்போதும் உறுத்தியது. ஆனாலும் அவள் சொன்னதைக் கேட்டுக்கொண்டார். காலையில் கண்ணாடி மாட்டுகிற கையோடு மெஷினையும் மாட்ட வேண்டும், ரெண்டும் ஒரே டப்பாவில் இருக்கட்டும். முதல் வாரம் ஒரு மணி நேரம், அதுவும் தறி ஓடாத நேரம். சந்தைக்கும் கல்யாண மண்டபத்துக்கும் இப்போதைக்குப் போட்டுக்கொண்டு போகக் கூடாது. மாட்டின நாளுக்குக் காலண்டரில் ஒரு கோடு. வீட்டுக்காரம்மா அடுக்களையிலிருந்து கத்தாமல் முன்னால் வந்து பேச வேண்டும். தாங்க முடியவில்லை என்றால் கழற்றிவிடலாம், அது தோல்வியில்லை, நாளைக்கு மறுபடி.

முதல் நாள் தைலம்மாள் சோற்று வட்டலைக் கீழே வைத்த சத்தம் கன்னத்தில் அறைந்த மாதிரி இருந்தது. காக்காய்கள் இத்தனை கெட்ட வாய்க்காரர்கள் என்பதை மறந்தே போயிருந்தார். தன் செருப்புச் சத்தத்துக்கே பின்னால் யாரோ வருகிறான் என்று திரும்பிப் பார்த்தார். பத்து நிமிசத்தில் பிடுங்கி எறியப் போனவர், பிடுங்கினால் அந்த ரெண்டு பேரும் ஜெயித்துவிடுவார்கள் என்று நினைத்துப் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தார். வைராக்கியம் என்றால் வைராக்கியம். ஒரு மணி ஒன்றரையாகி, மூன்றாகியது. காலண்டரில் கோடு ஏறிக்கொண்டே போவதைத் தைலம்மாள் பார்த்தாள். திருந்திவிட்டார் என்று நினைத்து அவள் மாரியம்மனுக்கு வேண்டிக்கொண்டதுதான் பரிதாபம்.

ரெண்டாவது வாரம், வீட்டில் யாருமில்லாத முற்பகலில், பரணில் ஏறித் தலையணை உறையை இறக்கினார். ஆயியும் மகளும் பேசின ரகசியம் எல்லாம் இதற்குள் இருக்கும், கையும் களவுமாகப் பிடித்துவிடலாம் என்று கணக்குப் போட்டார். ஒவ்வொரு துணுக்காக எடுத்துக் காதோடு வைத்தார். சோறு ஆறுதுங்க. ஏனுங்க, மழை வருது, துணியை எடுங்க. இந்தச் சட்டை உங்களுக்கு நல்லாருக்குது. ஏனுங்க, கிழக்கால பாருங்க, வானவில்லு. ஏனுங்க, எனக்கு நெஞ்சு படபடங்குது, டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போறீங்களா. அதற்கடுத்த துணுக்கு: சரி உடுங்க, நானே பஸ்ஸுல போய்க்கறேன்.

அவர் பாதி மூட்டைக்கு மேல் கேட்டார். ரகசியம் ஒன்றுகூட இல்லை. தான் கேட்பேன் என்று தெரிந்து நல்லதை மட்டும் உள்ளே வைத்திருக்கிறார்களோ என்று முதலில் சந்தேகப்பட்டார், அவர் புத்தி அப்படி. அப்புறம்தான் உறைத்தது. ஆயி சொன்னது மகளுக்குக் கேட்டிருக்கும், மகள் சொன்னது ஆயிக்குக் கேட்டிருக்கும், அதில் பஞ்சு எங்கேயிருந்து விழும்? இந்த மூட்டையில் இருப்பது அத்தனையும் தன்னிடம் சொன்னவை. ஒரு மனுசனிடம் இத்தனை பேச்சா? பஸ்ஸில் போய்க்கொள்கிறேன் என்ற துணுக்கை மட்டும் சட்டைப் பையில் எடுத்து வைத்துக்கொண்டார், ஏன் என்று அவருக்கே தெரியவில்லை. அவமானமாக இருந்தது. ஆனால் அவமானம் சந்தேகத்தைக் கொன்றுவிடுமா என்ன. அது பாட்டுக்கு அது இருந்தது.

ஆடிப் பதினெட்டு வந்தது. ஆற்றில் புதுத் தண்ணீர், ஊரில் எல்லாத் தறியும் நிறுத்தம். ஆற்றுக்குக் கொண்டுபோக ஆயியும் மகளும் அடுக்களையில் காதோலை கருகமணி, பூ, பழம் என்று தட்டில் எடுத்து வைத்துக்கொண்டிருந்தார்கள். நாச்சிமுத்து காலையிலிருந்தே மெஷினோடு இருந்தார். கதவுக்குப் பின்னால் போய், மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"ஆடி கழியறதுக்குள்ள நான் கோயமுத்தூர் போயிடறேம்மா. ஹாஸ்டல்ல சொல்லியாச்சு," என்றாள் அம்சவேணி.

மாட்டினீர்களா! நாச்சிமுத்துவுக்கு உடம்பெல்லாம் ஒரு கணம் ஜிவ்வென்றது. தன் சந்தேகம் வீண்போகவில்லை. கதவைத் தள்ளக் கையை எடுத்தவரை, தைலம்மாளின் குரல் நிறுத்தியது. உங்கப்பன்கிட்ட ஒரே ஒரு வார்த்தை சொல்லிப் பாரேன் சாமி என்று அவள் கெஞ்சினாள்.

"சொன்னேனே. தையில பட்டறைக்கே போய்ச் சொன்னேன். மெஷினை மாட்டிக்கிட்டுத்தான் நின்னார். மூணு தரம் தலையாட்டினார். அதுக்கப்புறமும் போய் வெத்தலை மாத்தீட்டு வந்தாரே. காது கேக்காமப் பண்ணியிருந்தா மன்னிச்சுருவேன். கேட்டுப்போட்டுத்தானம்மா பண்ணினாரு."

நாச்சிமுத்துவின் கை அப்படியே நின்றது. தையில் ஒருநாள் அவள் பட்டறைக்கு வந்தது ஞாபகம் வந்தது. மூன்றாவது தறிக்குப் பக்கத்தில் நின்று நெடுநேரம் வாயசைத்தாள். என்னவோ கடைக்கதை சொல்கிறாள் என்று, அறுந்த இழையை முடிந்துகொண்டே தலையாட்டியிருந்தார். பார்த்துவிட்டேன், நில்லு என்று. அப்புறம் மறந்துவிட்டார்.

அவர்கள் ஆற்றுக்குப் போனதும் அவர் பட்டறைக்குப் போனார். தறிக்கு அடியில் கூட்டுவது ஆயுத பூஜைக்கு மட்டும்தான், வருசத்துக்கு ஒருநாள். தையில் விழுந்தது, தறிப் பஞ்சோடு கலந்து அவள் கண்ணிலும் படாமல், அங்கேயேதான் கிடக்கும். ஓடாத பட்டறையில் அப்படி ஒரு அமைதியை அவர் முப்பத்து மூன்று வருசத்தில் கேட்டதில்லை. மூன்றாவது தறிக்குக் கீழே மல்லாக்கப் படுத்துக் கையைவிட்டுத் துழாவினார். சாதாரணப் பஞ்செல்லாம் ஊத ஊதப் பறந்தது. பறக்காமல் ஒன்று கிடந்தது, கை நிறைய, எண்ணெய்ப் பிசுக்கோடு. பக்கத்திலேயே சின்னதாக இன்னொன்று. பெரியதைக் காதோடு வைத்தார்.

"அப்பா, மெஷின் மாட்டியிருக்கீங்களே, அந்தத் தைரியத்துலதான் சொல்றேன். மாரப்பன் மாமா பையன் எனக்கு வேண்டாமுங்கப்பா. போன வாரம் கடைக்கு வந்து, அத்தனை சனம் நிக்கறப்பவே என் கையை முறுக்கினான். கல்யாணத்துக்கப்புறம் கடைப்பக்கம் வந்தா காலை ஒடிச்சுப்போடுவேன்னான். அம்மாகிட்டக்கூட இன்னும் சொல்லலை. வேண்டாம்னு சொல்லிப்போடுங்கப்பா. சொல்லீருவீங்கல்ல?"

சின்னதை எடுத்துக் காதோடு வைத்தார்.

"சரிங்கப்பா. இப்பத்தான் எனக்கு உசுரே வந்துச்சு."

தறிக்குக் கீழேயே கிடந்து அழுதார். ஊரெல்லாம் தனக்கு எதிராகச் சதி செய்கிறது என்று காவல் காத்தவர், பெற்ற பெண்ணுக்குத் தான் செய்ததை இப்போதுதான் பார்த்தார். ஒரு சுண்டைக்காய்ப் பேட்டரியைப் பையில் ஒளித்துவைத்த கெட்டிக்காரத்தனத்தை நினைக்க நினைக்க அவருக்குத் தன் மேலேயே காறித் துப்ப வேண்டும் போலிருந்தது.

அவர்கள் ஆற்றிலிருந்து திரும்பியபோது வாசலில் நின்றார். மேலெல்லாம் எண்ணெய்க் கறை.

"அம்மிணி, அன்னிக்கு மெஷின்ல பேட்டரி இல்லை. சும்மா மாட்டியிருந்தேன். உங்கம்மா வாயை அடைக்கறதுக்கு."

அம்சவேணி அவரை மேலும் கீழும் பார்த்தாள். ஆறு மாசமாக அவள் நெஞ்சில் கட்டி வைத்திருந்தது ஒரு வார்த்தையில் கரைந்துவிடுமா? அப்பாவுக்கு மகள்தானே, சந்தேகம் அவளுக்கும் ரத்தத்தில் இருந்தது. நாடகமோ, மாரப்பனோடு சேர்ந்து செய்கிற ஏற்பாடோ என்று கண்ணைச் சுருக்கினாள். அவரைத் தாண்டி உள்ளே போய், அடுக்களையில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்று, பக்கத்தில் நிற்கிறவளுக்குக்கூட எட்டாத குரலில் கேட்டாள்.

"கல்யாணத்தை நிறுத்துவீங்களா?"

"நாளைக்கே," என்றார் நாச்சிமுத்து வாசலிலிருந்து.

மறுநாள் காலையில் மொபெட்டில் கிளம்பினார். நானும் வருவேன் என்று அம்சவேணி பின்னால் ஏறிக்கொண்டாள். அவர் உண்மையிலேயே சொல்கிறாரா என்று கண்ணால் பார்த்தால்தான் அவளுக்குத் தீரும். மாரப்பன் வீட்டு கேட்டுக்கு வெளியே அவளை நிறுத்திவிட்டு, அவர் மட்டும் உள்ளே போனார். புதுசாக வெள்ளை டைல்ஸ் பதித்த பெரிய முன்கட்டு, முகம் பார்க்கலாம் போலத் துடைத்து வைத்திருந்தார்கள். நாச்சிமுத்து உட்காரவில்லை. வாக்கை எடுத்துக்கொள்கிறேன் மச்சான், பெண்ணுக்கு இஷ்டமில்லை, தப்பு என்னுடையது, மன்னிக்க வேண்டும் என்று கையெடுத்துக் கும்பிட்டார்.

மாரப்பன் ஆரம்பித்தார். முதலில் நாயில் ஆரம்பித்து, அப்புறம் நாச்சிமுத்துவின் அப்பனுக்குப் போய், தாத்தனுக்குப் போய், இனிமேல் ஒரு பாவு கிடைக்காது, தறியை உடைத்து அடுப்பெரி என்று சொல்லி, செவிட்டுப் பயலோடு சம்பந்தம் பேசின தன் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும் என்று செருப்பைக் கழற்றிக் காட்டினார். வேலைக்காரர்கள் வந்து எட்டிப் பார்த்தார்கள். நாச்சிமுத்துவின் கை காதுக்குப் போனது. தாங்க முடியாவிட்டால் கழற்றிவிடலாம் என்றுதானே ஜெசிந்தா சொல்லியிருந்தாள். ஒரு விரல் நகத்தால் நெம்பினால் போதும், பேட்டரி மூடி திறந்துகொள்ளும், அப்புறம் இந்த ஆள் வெறுமனே வாயசைக்கிற பொம்மை. முப்பத்து மூன்று வருசமாக எல்லா ஏச்சையும் அவர் அப்படித்தான் கடந்து வந்திருக்கிறார். ஆனால் இதற்கு நடுவில் பெண்ணைப் பற்றி ஒரு சொல் வந்துவிட்டால், அது வந்ததே தெரியாமல் தலையாட்டிக்கொண்டு நின்றுவிட்டால்? கையை இறக்கிக்கொண்டார்.

அந்தச் சொல் வரத்தான் செய்தது. கடையில் கண்டவனோடும் நிற்கிறவளுடைய லட்சணம் ஊருக்குத் தெரியாதா என்றார் மாரப்பன், வேண்டுமென்றே குரலைத் தணித்து, கேட்காது என்ற தைரியத்தில்.

"அது ஒண்ணை மட்டும் திருப்பி வாங்கிக்குங்க மச்சான். மிச்சத்தையெல்லாம் நான் வச்சுக்கறேன்," என்றார் நாச்சிமுத்து.

மாரப்பனுக்கு முகம் வெளுத்தது. திருப்பி வாங்கிக்கொள்கிறேன் என்று அவர் சொல்லவில்லை, ஆனால் அந்தப் பேச்சை மறுபடி எடுக்கவுமில்லை. மற்றவற்றைத் தொடர்ந்தார். அரை மணி நேரம் ஆயிற்று. நாச்சிமுத்து கட்டின கையை அவிழ்க்காமல் எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு, போய்ட்டு வரேனுங்க என்று சொல்லிவிட்டு வெளியே வந்தார். வண்டியை உதைத்துக் கிளப்பினார். நாலு தெரு தாண்டியாயிற்று.

"அந்த ஆளு உங்களை என்னப்பா சொன்னாரு?" என்று பின்னாலிருந்து கேட்டாள் அம்சவேணி. ஆறு மாசத்துக்கு அப்புறம் அவள் அப்பா என்று கூப்பிட்டது அப்போதுதான்.

"யாருக்குத் தெரியும் அம்மிணி," என்றார் அவர். "எனக்கு எங்க கேட்டுச்சு."

அந்த அரை மணி நேரமும் கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டு, அப்பாவின் காலடியில் அந்த வெள்ளைத் தரையையே அவள் பார்த்துக்கொண்டு நின்றிருந்தாள். அதில் ஒரு இழைகூட விழவில்லை.